டாமின் புருவம்

அன்புள்ள அக்கா,

ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 34. போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகனுக்குப் பதினோரு வயது. எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது மல்டிவெர்சஸ்ல வர்ற பூனைதானே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மல்டிவெர்சஸ் என்பது வார்னர் பிரதர்ஸ் 2022இல் கொண்டுவந்த சண்டை கேம். பேட்மேன், பக்ஸ் பன்னி, ஸ்கூபி-டூவின் ஷேகி, டாம் அண்ட் ஜெர்ரி எல்லாரும் ஒரே மேடையில் அடித்துக்கொள்வார்கள். டிராகன் பால் நாயகன் கோகு யாரென்று கேட்டாலும், ஃபோர்ட்நைட் கேமில் வருகிறவன் என்கிறான்.

இந்த மாதிரி கிராஸ்ஓவர் கேம்களால் பழைய அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்குப் புது வாழ்வு கிடைக்கிறதா, இல்லை நம் சிறுவயது நினைவுகளை எடுத்து நம்மிடமே விற்கிறார்களா? டிஸ்னி பாத்திரங்கள் வரும் கிங்டம் ஹார்ட்ஸ் கேமையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா? நல்ல கார்ட்டூனை ரசித்துப் பார்த்த கடைசித் தலைமுறை நாம்தான் என்று தோன்றுகிறது. பையனை இந்த கேம்களிலிருந்து விலக்கி வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
ஒசூர் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

போன மாதம் சாத்தூர் போய் வந்ததிலிருந்து இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு திட்டு. கடைசித் தலைமுறை என்கிறீர்களே, அந்தப் பேச்சை விடுங்கள். நீங்கள் ரசித்த டாம் அண்ட் ஜெர்ரி, 1940இல் தொடங்கி 1958 வரை அமெரிக்கத் திரையரங்குகளில் பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் அம்மாவே அப்போது பிறந்திருக்க மாட்டார். டெட் டர்னர் என்ற அமெரிக்க டிவி முதலாளி 1986இல், டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்த எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனத்தின் பழைய படங்களை மொத்தமாக வாங்கினார். 1991இல் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்தையும் வாங்கினார். கையிலிருந்த இந்தப் பழைய சரக்கை ஓட்டுவதற்குத்தான் 1992இல் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். 1995இல் அது இந்தியாவுக்கு வந்தது, அப்புறம் உங்கள் தெருக் கேபிளுக்கு வந்தது. உங்களுக்கு அந்தப் பூனை மறு ஒளிபரப்பில் கிடைத்தது, பையனுக்கு கேமில் கிடைத்திருக்கிறது. இரண்டு பேருமே தாமதமாக வந்தவர்கள்தான். எண்பது வயது தாண்டிய ஒரு பூனையைப் பதினோரு வயதுப் பையன் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டிருக்கிறான். அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நீங்கள்.

கேமைத் தடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் அக்கா பார்த்துக்கொள்வார். எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று அவர் சொன்னால் போதும். இன்றைய பிள்ளைகளுக்கு ரசனை இல்லை என்று நம்மைப் பார்த்தும் சொன்னார்கள், நாம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சரி, ஸ்டுடியோவுக்குப் புது வாழ்வா என்ற கேள்விக்கு வருகிறேன். பாத்திரத்துக்குப் புகழ் கிடைக்கிறது, அதில் சந்தேகமில்லை. கோகு 2022 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட்டுக்குள் போனபோது, டிராகன் பால் தொடரில் ஒரு பகுதியைக்கூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கும் அவன் தெரிந்தவனாகிவிட்டான். ஆனால் அதை வரைந்தது டோய் அனிமேஷன் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்கே எப்போது தெரிந்தது? ஸ்டுடியோ என்று நீங்கள் எழுதும்போது பெயர்ப்பலகையைச் சொல்கிறீர்களா, உள்ளே உட்கார்ந்து வரைந்தவர்களைச் சொல்கிறீர்களா? இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு.

டாம் அண்ட் ஜெர்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியில் எம்ஜிஎம்முக்கு ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோ இருந்தது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இயக்கினார்கள். கென்னத் மியூஸ், இர்வ் ஸ்பென்ஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன் போன்றவர்கள் வரைந்தார்கள். ஸ்காட் பிராட்லி பூனையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாத்தியம் வைத்து இசையமைத்தார். டாம் வலியில் அலறுகிறதே, அது பெரும்பாலும் ஹன்னாவின் சொந்தக் குரல். ஏழு நிமிடப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் பத்தாயிரம் பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் ஐயாயிரம் படங்கள் வேண்டும். ஏழு ஆஸ்கர் வாங்கிய தொடர் அது.

அந்த ஸ்டுடியோவை 1957இல் மூடிவிட்டார்கள். ஏன் தெரியுமா? பழைய படங்களைத் தியேட்டருக்குத் திரும்ப அனுப்பினாலே ஏறக்குறைய புதுப் படத்துக்கு வருகிற பணம் வருகிறது என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு எதற்கு இத்தனை பேருக்குச் சம்பளம்? யோசித்துப் பாருங்கள் தம்பி. அவர்கள் வரைந்தது ஓடாமல் போனதால் வேலை போகவில்லை. திரும்பத் திரும்ப நன்றாக ஓடியதால் போனது.

எனக்கு இந்தக் கணக்கு சாத்தூரிலிருந்தே தெரியும். என் தாய்மாமா போர்டு ஆர்ட்டிஸ்ட். கடைப் பலகை, லாரி நம்பர், சுவர் விளம்பரம் என்று எல்லாம் எழுதுவார். நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும் மாமா கை கழுவாமல் மண்ணெண்ணெய் வாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து டாம் அண்ட் ஜெர்ரி பார்ப்பார். சிரிக்கவே மாட்டார். உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் திடீரென்று, "இந்தப் பூனைய வேற ஆள் வரைஞ்சிருக்கான்" என்றார்.

"அதே டாம்தானே மாமா?"

"பேரு அதே பேரு. கை வேற. புருவத்தப் பாரு, எவ்ளோ கெட்டியா இருக்குன்னு. எலிக்குக் காதும் பெருசா இருக்கு."

பல வருஷம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. எம்ஜிஎம் தன் ஸ்டுடியோவை மூடிய பிறகு, 1961 - 62இல் ஜீன் டைச் என்பவரை வைத்து பிராகில் 13 படங்கள் எடுத்தார்கள். 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்கள் எடுத்தார். கெட்டிப் புருவம் சக் ஜோன்ஸுடையது. ஆங்கிலத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாத என் மாமா, சாத்தூரில் ஒரு பதினான்கு இன்ச் டிவியில், ஒரு புருவத்தை வைத்து அதைக் கண்டுபிடித்தார்.

நீங்களும் சிறுவயதில் கவனித்திருப்பீர்கள். சில டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலிக்கும். அவை பிராகில் எடுத்தவை. குழந்தைக்குக் கை வித்தியாசம் தெரிகிறது. பெயரைச் சொல்லித் தர யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மாமாவுக்குப் பிடித்த வேலை நர்சரி பள்ளிச் சுவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள், நம் ஊர் நர்சரி சுவர்களில் மிக்கியும் டொனால்டும் டாமும் ஜெர்ரியும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பின்னாளில் டோரேமான் வந்தது, சோட்டா பீம் வந்தான். கேம்காரர்கள் வழக்கறிஞர்களை வைத்துப் பேசி முடிக்கிற கிராஸ்ஓவரை எங்கள் ஊரில் ஒரு டப்பா எனாமலில் செய்தார்கள். மாமா வெறுமனே வரிசையாக நிறுத்த மாட்டார். டாம் துரத்துவான், ஜெர்ரி ஓடிப்போய் டொனால்டின் சட்டைக்குள் ஒளிந்திருக்கும், மிக்கி ஒரு விரலை உதட்டில் வைத்து எல்கேஜி பிள்ளைகளிடம் "சொல்லிடாதீங்க" என்பது போல நிற்கும். பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கும்போது ஜெர்ரி எங்கே என்று தேடும். கட்டம் போட்டு, சாக்பீஸில் அவுட்லைன் இழுத்து, மூன்று நாளில் முடிப்பார். ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரை எழுதுவார்.

ஒரு பள்ளிக்கு அப்படி வரைந்து கொடுத்தார். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சில வருஷத்தில் பக்கத்து ஊர்களில் இரண்டு கிளை திறந்தார்கள். மாமா வேலைக்குக் காத்திருந்தார். அவர்கள் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து, ஃபிளெக்ஸில் பிரின்ட் போட்டு, இரண்டு கிளையிலும் கட்டிவிட்டார்கள். ஓரத்தில் இருந்த பெயரை மட்டும் வெட்டிவிட்டார்கள். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் எதுவும் பேசாமல் இரண்டு நாள் படுத்திருந்தார். போன மாதம் நான் போனபோது அந்த முதல் சுவரும் இல்லை. அங்கேயும் ஃபிளெக்ஸ்தான் தொங்குகிறது, வெயிலில் வெளுத்துப்போய்.

மிக்கியும் டாமும் உங்கள் மாமாவுடையதா, அவரும் காப்பி அடித்தவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், பாத்திரம் அவருடையது இல்லை, அனுமதியும் வாங்கவில்லை. ஆனால் ஜெர்ரியை டொனால்டின் சட்டைக்குள் ஒளித்து வைத்தது அவர்தான்.

இதை வைத்துத்தான் நான் கிராஸ்ஓவர் கேம்களையும் பார்க்கிறேன். உங்கள் பையனின் மல்டிவெர்சஸில் டாமும் ஜெர்ரியும் எதிராளியை நேராக அடிப்பதில்லை. அவர்கள் பாட்டுக்குத் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள், இடையில் அகப்பட்ட பேட்மேனுக்கு அடி விழும். இதை யோசித்தவர் பழைய படங்களை ஆசையோடு பார்த்தவர், அவருக்கு என் வணக்கம். அதே கேமில் அயர்ன் ஜயன்ட்டும் வருகிறது. 1999இல் வார்னரின் சொந்த அனிமேஷன் பிரிவில் எடுத்த படத்தின் ராட்சத ரோபோ அது. நான் ஆயுதமாக இருக்க மாட்டேன் என்று அது முடிவெடுப்பதுதான் அந்தப் படத்தின் உயிர். அதைக் கொண்டுவந்து சண்டைக்கு விட்டிருக்கிறார்கள். உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரி, அந்தப் புகழால் ஸ்டுடியோவுக்கு என்ன கிடைத்தது? 2023இல் வார்னரின் கார்ட்டூன் நெட்வொர்க் ஸ்டுடியோஸ் கலிபோர்னியாவின் பர்பேங்கில் இருந்த தன் கட்டடத்தைக் காலி செய்தது. 2025 மார்ச்சில் பக்ஸ் பன்னியின் பழைய லூனி டியூன்ஸ் குறும்படங்களை வார்னர் தன் மேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அப்போதும் கேமுக்குள் பக்ஸ் பன்னி துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, மே 30 அன்று கேமின் சர்வரையும் நிறுத்தினார்கள். முன்பே டவுன்லோடு செய்து வைத்தவர்கள் ஆஃப்லைனில் விளையாடலாம். உங்கள் பையன் இப்போது அதைத்தான் விளையாடிக்கொண்டிருப்பான். பாத்திரத்துக்குக் கிடைத்த புகழ், வரைகிற மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த இடமும் உண்டு. ஜப்பானில் 1991இல் பான்பிரெஸ்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கு சூப்பர் ரோபோட் வார்ஸ் என்று ஒரு கேமை வெளியிட்டது. 1972இல் டோய் எடுத்த மாசிங்கர் இசட், 1974இன் கெட்டர் ரோபோ, 1979இல் சன்ரைஸ் எடுத்த கண்டம் (Gundam) என்று வேறு வேறு தொடர்களின் ரோபோக்கள் எல்லாம் ஒரே படையில் சேரும். போகப் போக அந்தத் தொடர் கேம்களில் ஒவ்வொரு ரோபோவும் தாக்கும்போது அதன் பழைய டைட்டில் பாட்டு ஒலிக்கும். பழைய தொடரில் செத்துப்போன சில பாத்திரங்களை, சரியாக விளையாடினால் காப்பாற்றிவிடலாம். மாமாவின் சுவரைப் போலத்தான் இதுவும். பழையதை எடுத்தவர்கள் புதிதாக ஒரு கதை வைத்தார்கள். தொண்ணூறுகளின் ஜப்பானியப் பிள்ளைகள் பலருக்கு எழுபதுகளின் ரோபோ தொடர்கள் இந்த கேம் வழியாகத்தான் அறிமுகம். கண்டத்தைக் காப்பாற்றியது கேம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். முதல் தொடரையே 43 பகுதிகளோடு சுருக்கி நிறுத்தினார்கள். அதைத் தூக்கிவிட்டது 1980இல் வந்த பிளாஸ்டிக் பொம்மைகளும் மறு ஒளிபரப்பும் அப்புறம் வந்த திரைப்படங்களும். ஆனால் அங்கே வரைகிறவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. 2022இலும் புதிய கண்டம் தொடர் வந்தது. கேமில் பார்த்துவிட்டுத் தேடி வருகிற பிள்ளைக்கு அங்கே ஒரு புதுப் படம் காத்திருக்கிறது.

கிங்டம் ஹார்ட்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2005இல் வந்த இரண்டாம் கேமில் ஓர் உலகம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில், 1920களின் மிக்கி படங்களைப் போலவே இருக்கும். நாயகன் சோராவையே அந்தக் காலக் கோட்டில் மாற்றி வரைந்திருப்பார்கள். அது ஒன்றுக்காகவே அவர்களை மன்னிக்கலாம்.

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது பையனை உட்கார வைத்து, நாற்பதுகளின் டாம் அண்ட் ஜெர்ரி ஒன்றும், பிராகில் எடுத்தது ஒன்றும், சக் ஜோன்ஸ் எடுத்தது ஒன்றும் போட்டுக் காட்டுங்கள். எது யாருடையது என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். டைட்டிலில் பெயர்கள் வரும்போது ஓட்டிவிடாமல் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பூனையில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவன் எதைக் கண்டுபிடித்தான் என்று எனக்கு எழுதுங்கள். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, போனில் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா