அறிவிப்பு கையில் இருந்தும் விமானி ஏன் தவறினார்?

கேள்வி: என் மகன் விமானி பயிற்சியில் இருக்கிறான். ‘முன்பே தகவல் கொடுத்தும் விமானி கவனிக்கவில்லை’ என்று விபத்துச் செய்திகளில் படிக்கும்போது பயமாக இருக்கிறது. கொடுத்த தாளைப் படிப்பதில் என்ன கஷ்டம்? அவனுக்கு நான் என்ன சொல்வது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஐயா, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் ‘டிரைவர் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். விமான விபத்து விசாரணை அந்த வரியில்தான் தொடங்குகிறது: ஏன் கவனம் தவறியது?

2017 ஜூலை 7, சான்பிரான்சிஸ்கோ. ஏர் கனடா விமானம் இரவில் இறங்கி வருகிறது. இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளில் 28 இடதை மூடி, விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். அந்தத் தகவல் விமானிகளிடம் கொடுத்த 27 பக்க அறிவிப்புக் கட்டின் 8ஆம் பக்கத்தில் இருந்தது. கேப்டன் அதைப் பார்த்ததாகவே சொன்னார். ஆனால் இறங்கும்போது நினைவில் இல்லை. இரண்டு ஓடுபாதைகளிலும் விளக்கு எரிகிறது என்று நம்பி, திறந்திருந்த வலது ஓடுபாதையை இடது என்று எண்ணி, அதன் பக்கத்து டாக்ஸிவேயை (ஓடுபாதைக்குப் போய்வர விமானங்கள் ஊர்ந்து செல்லும் வழி) ஓடுபாதையாக எடுத்துக்கொண்டார். அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன. சுமார் 60 அடி உயரம் வரை வந்த பிறகுதான் விமானம் மேலே எழும்பியது. கேப்டன் 19 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார். அமெரிக்க விசாரணை வாரியம் விமானிகளின் தவறோடு, களைப்பையும் முக்கியத் தகவலை அந்தத் தாள்களில் எடுத்துக்காட்டிய விதத்தையும் சேர்த்தே எழுதியது. அதுதான் நியாயம் என்பேன்.

2000 அக்டோபர் 31 அன்று தைபேயில் இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. பணிக்காக மூடிய ஓடுபாதையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் புயல் மழையில் ஓடி, இயந்திரங்களில் மோதி, 83 பேர் இறந்தார்கள். அங்கும் அறிவிப்பு விமானிகளிடம் இருந்தது.

சரி, உங்கள் மகன் என்ன செய்யலாம்? நோட்டாம் என்கிற அந்த அறிவிப்புக் கட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக மேய வேண்டாம். புறப்படும் இடம், இறங்கும் இடம், மாற்று விமான நிலையம் மூன்றுக்கும் ஓடுபாதை, டாக்ஸிவே, விளக்கு, இறங்க உதவும் ரேடியோ கருவிகள் ஆகியவற்றை முதலில் தேடட்டும். ஒவ்வொரு அறிவிப்பின் சாரத்தையும் குறியீட்டில் தரும் ‘கியூ’ வரியில் கியூ.எம்.ஆர்.எல்.சி. (QMRLC) என்று இருந்தால் ஓடுபாதை மூடல் என்று அர்த்தம்.

அப்புறம் நேரம். அதில் இருப்பது உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 2506141830 என்றால் 2025 ஜூன் 14, 18.30 மணி. கிருஷ்ணகிரி கடிகாரத்தில் அது ஜூன் 15 நள்ளிரவு 12. தேதியே மாறுகிறது, பாருங்கள். புதியவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

மூடிய ஓடுபாதையின் எண்ணைத் தன் கையால் தனியாக எழுதி வைத்து, இறங்குவதற்கு முந்தைய பிரீஃபிங்கில் (விமானிகள் இறங்கும் முறையைப் பேசி உறுதிசெய்யும்போது) வாய்விட்டுச் சொல்லட்டும். காலையில் படித்தது இரவில் தானாக வந்து நிற்காது, அதுவும் தூக்கம் கெட்ட நாளில். களைப்பாக இருந்தால் பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

21 பேர் இறந்த 2020 கோழிக்கோடு விமான விபத்தின் இறுதி அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. கேப்டன் பக்கத்து வைப்பர் வேலை செய்யாதது, மறுநாள் காலை டியூட்டி அவர் மனதில் அழுத்தியது எல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவனையே படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.