நாயை விமானத்தில் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்வது பாதுகாப்பானதா? ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு?

இன்னும் மூன்று மாதத்தில் ஜெர்மனிக்குக் குடிபெயரப் போவதாகவும், வீட்டு நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்றும், விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றினால் அது பிழைத்துக் கிடக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவனும் அல்லன், நாய் அனுப்பும் தொழில் செய்பவனும் அல்லன். கருவூலத்தில் 31 ஆண்டுகள் பட்டியல் சரிபார்த்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓய்வூதியத்தில் இருப்பவன். இருந்தாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு பேசாமல் போக முடியவில்லை. 2023-இல் என் மகளுடைய இரண்டு நாய்களில் ஒன்றை ஜெர்மனிக்கு அனுப்பினேன், மற்றொன்றை அனுப்ப மறுத்தேன். அனுப்பியதற்கும் ஏச்சு வாங்கினேன், மறுத்ததற்கும் வாங்கினேன்.

முதலில் உங்கள் மூன்று மாதக் கணக்கைப் பார்ப்போம். நாயின் கழுத்துத் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அது பொருத்திய அன்றோ அதன் பிறகோ போட்ட ரேபிஸ் தடுப்பூசிதான் கணக்கில் சேரும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பினால், எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிந்த பிறகே உள்ளே நுழைய அனுமதி. ஆகவே இன்றைக்கு நீங்கள் முதல் படியிலிருந்து தொடங்கினால் நான்கு மாதத்துக்கு முன்னால் நாய் நகராது. பயணச்சீட்டு எடுத்துவிட்டேன் என்று யாரிடமும் கெஞ்சிப் பயனில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று பழி போட மாட்டேன். எழுதி வைத்திருந்ததை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. எங்கள் மணிக்கு (சிப்பிப்பாறை இனம், 24 கிலோ) ஆகஸ்டில் ஊசி போட்டிருந்தோம், டிசம்பரில் சிப் வைத்தோம். இரண்டும் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். வாழ்நாளெல்லாம் தேதி வரிசை தப்பிய பட்டியல்களைத் திருப்பி அனுப்பிய எனக்கு, ஊசி முன்னும் சிப் பின்னுமாக இருப்பது கண்ணில் படவில்லை. பிப்ரவரியில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஓர் இளம் மருத்துவர் அட்டையைப் புரட்டிவிட்டு, "சார், இந்த ஊசி யாருக்குப் போட்டதுன்னு அவங்க எப்படி நம்புவாங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. மறுபடியும் ஊசி, மறுபடியும் காத்திருப்பு. மார்ச்சில் அனுப்ப நினைத்த நாய் ஜூன் கடைசியில்தான் கிளம்பியது.

இடையில் எங்களுக்காகக் காகித வேலை பார்த்த முகவர் ஒரு வழி சொன்னார். "அண்ணாச்சி, ஊசித் தேதிய மட்டும் நாலு மாசம் தள்ளிப் போட்டு ஒரு அட்டை வாங்கிருவோம், யாரு போயிக் கேக்கப் போறா?" அவர் யார், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். தேதி திருத்திய காகிதம் கடைசியில் யார் தலையில் விடியும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல என்பதால், அதை அங்கேயே மறுத்துவிட்டேன். ஆனால் இது வெறும் அலுவலக நேர்மைப் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. 2021 ஜூனில் அசர்பைஜானிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரே சரக்காக வந்த 33 நாய்களில் ஒன்றுக்கு ரேபிஸ் இருந்தது தெரியவந்து, அதனோடு பழகியவர்களையெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. போலிச் சான்றிதழ்கள் பெருகியதைக் காரணம் காட்டி, அதே ஆண்டு ஜூலை 14 முதல் இந்தியா உட்பட ரேபிஸ் ஆபத்து மிகுந்த நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதையே அந்நாடு நிறுத்திவைத்தது. யாரோ நாலு பேர் தேதியைத் தள்ளிப் போட்டதற்கு ஒழுங்காக ஊசி போட்டவனும் வாசலில் நின்றான். ரேபிஸ் வந்தபின் பிழைத்தவர் அநேகமாக இல்லை என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முகவரின் இரண்டாவது யோசனையை மட்டும் நான் கேட்டுவிட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "ஒரு மாத்திரை கொடுத்தா ஜெர்மனி வரைக்கும் சத்தமில்லாம தூங்கிரும்" என்றார். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒத்திகை பார்ப்போம் என்று, அரை மாத்திரையைத் தயிர்ச்சோற்று உருண்டைக்குள் வைத்து என் கையால் ஊட்டினேன். முக்கால் மணி நேரத்தில், சுற்றுச்சுவரை ஒரே தாவலில் தாண்டுகிற அந்த நாய், நடுக்கூடத்து மொசைக் தரையில் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கி விரிய, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வு ஒன்று பாதிக் கண்வரை ஏறி நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் தரையில் இரண்டு முறை தட்டியது. இரவு மூன்று மணி வரை அதன் விலாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வகை மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, உடல் தன் சூட்டைச் சமன்செய்துகொள்ளும் திறனைக் கெடுக்கிறது, தள்ளாட்டம் தருகிறது. வண்டி குலுங்கினால் காலூன்றித் தாங்கிக்கொள்ளக்கூட முடியாத நாயைப் பெட்டிக்குள் பூட்டி, பக்கத்தில் ஆளில்லாமல் அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று மறுநாள் அந்த மருத்துவர் விளக்கினார். மயங்கிய நாயை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்களும் உண்டு. ஆகவே உங்களுக்கு யார் சொன்னாலும், மருத்துவர் அல்லாத எவர் சொன்னாலும், வேண்டாம்.

மாத்திரைக்குப் பதிலாக எங்களுக்கு உதவியது பெட்டிதான். நாய் தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், இயல்பாகக் கால் நீட்டிப் படுக்கவும் இடமிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. மூக்கு நுனி முதல் வால் தொடங்கும் இடம் வரை மணி 84 செ.மீ., தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை 40. நீளத்தோடு இந்த முட்டி உயரத்தில் பாதியைக் கூட்டினால் 104. தோள் அகலம் 20, அதை இரட்டித்தால் 40. நின்றால் காது நுனி 86, அதற்கு மேல் விரிப்பின் கனம். இவை உள் அளவுகள். கடையில் இந்த உயரத்துக்குக் கிடைக்காததால் முருகன்குறிச்சி ஆசாரி ஒருவரைக் கொண்டு ஒட்டுப்பலகையில் செய்தோம். அவர் முதலில் இரண்டு பக்கம் மட்டும் காற்றுத் துளை விட்டிருந்தார். நான்கு பக்கமும் வேண்டும், மூக்கோ பாதமோ வெளியே வராத அளவில் வேண்டும் என்று திருப்பிச் செய்யச் சொன்னேன். "இதுல நம்மளே போயிரலாம் போலுக்கே அண்ணாச்சி" என்றார். ஆறு வாரம் அந்தப் பெட்டி கூடத்தில் கிடந்தது. மணிக்குச் சோறு அதற்குள்தான், மகளின் பழைய புடவைதான் விரிப்பு. கடைசியில் கதவைச் சாத்தினாலும் அது கொட்டாவி விட்டது.

பாதுகாப்பு பற்றிய உங்கள் பயம் வானத்தில் இருக்கிறது. என் பயம் தரையில் இருந்தது. விலங்குகளை ஏற்றும் கீழறையில் பயணிகள் அறைக்கு உள்ள அதே காற்றழுத்தம்தான், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆபத்து, ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் தளத்தில் காத்துக்கிடக்கும் நேரத்தில். அதனால்தான் மகள் நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானமாகத் தேர்ந்தாள். அப்படியும் மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகையில், சரக்குச் சீட்டில் சிப் எண்ணின் ஓர் இலக்கத்தை முகவர் மாற்றி அடித்திருந்ததால், இரண்டு மணி நேரம் நின்றோம். இரவு ஒன்பது மணிக்கும் புழுக்கம். பெட்டியை லாரி புகை நேரே வரும் இடத்தில் வைத்தார்கள். நானும் ஒரு சுமைதூக்கும் தம்பியும் கேட்காமலேயே நகர்த்தினோம். பெட்டியோடு நின்றிருக்காவிட்டால் அதை யார் கவனித்திருப்பார்? விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்துச் சான்றிதழ், ஆய்வக முடிவு, சிப் எண் மூன்றையும் முந்தின வாரமே இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்த்தவன், சரக்குச் சீட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் உங்களுக்குப் பிடிக்காது. சரக்காகப் போகும் நாய்க்கு, இந்தியாவும் ஏற்றுள்ள 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டின் உச்சவரம்பு எடையைப் பொறுத்தது: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, SDR). முன்கூட்டியே மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் செலுத்தினால்தான் வரம்பு உயரும். சரக்கின் சொந்த இயல்பால் நேர்ந்த கேடு என்று விமான நிறுவனம் நிறுவிவிட்டால் அதுவும் இல்லை. மூக்குச் சப்பையான நாய் மூச்சுத் திணறி இறந்தால் அவர்கள் எதைச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் அனுப்ப மறுத்த பப்லு விஷயம் இதுதான். கைப்பேசி விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஊரெல்லாம் பக் என்ற சப்பை மூக்கு இன நாய் வாங்கிய காலத்துக்கு நெடுநாள் கழித்து மகள் வாங்கிய பக் அது, அப்போது ஏழு வயது. நாய்க்கு மூச்சிரைப்பதுதான் உடல் சூட்டைத் தணிக்கும் வழி. இந்த இனத்துக்கு மூக்குத் துளை குறுகல், மேலண்ணத்தின் சதை நீளம். பதறி இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி வழி இன்னும் அடைபடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-இல் வெளியிட்ட கணக்கில், ஐந்து ஆண்டில் விமானப் பயணத்தோடு தொடர்பாக இறந்த 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி இத்தகைய சப்பை மூக்கு இனங்கள். பல விமான நிறுவனங்கள் இவற்றைக் கீழறையில் ஏற்றுவதேயில்லை. முகவர் ஏற்றும் நிறுவனம் ஒன்று கண்டுபிடித்துத் தந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. "மணிக்கு ஒரு நியாயம், பப்லுவுக்கு ஒரு நியாயமாப்பா?" என்று மகள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்நெஞ்சன் என்று இங்கேயும் எழுதுவீர்கள், எழுதுங்கள். இன்னொரு பக்கம் என் மைத்துனர், "அத்தான், மணிக்குச் செலவழிச்ச துட்டுல ரெண்டு பசுமாடு வாங்கிருக்கலாம்லா" என்று இன்றும் கல்யாண வீடுகளில் சபை நடுவே சொல்கிறார். தன் மகன் அனுப்பிய பணத்தில் ஆளில்லாத வீட்டுக்கு மாடி எடுத்தவர் அவர்.

மணி பிராங்க்பர்ட்டில் இறங்கி, பெட்டியை விட்டு வெளியே வர மறுத்து, மகள் தமிழில் அதட்டிய பிறகே வந்ததாம். பப்லு இப்போது என் நாற்காலிக்கடியில் குறட்டை விடுகிறது. பத்து வயதாகிறது, கோடையில் ஈரத்துணி விரித்த தரையை விட்டு நகராது. கேள்வியில் உங்கள் நாயின் இனத்தையும் வயதையும், சிப் வைத்த தேதி, ஊசி போட்ட தேதி இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. எழுதினால் நாள் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.