பீங்கானுக்குள் மின்சாரமா?

கேள்வி: எங்கள் ஊர் பீங்கான் ஃபியூஸ் கட்டை மின்சாரத்தை விடவே விடாது. எரிபொருள் மின்கலத்தில் மட்டும் பீங்கான் எப்படி வேலை செய்கிறது?
– வாசகர், விருத்தாசலம், கடலூர் மாவட்டம்

பதில்: அது வேறு பீங்கான்ங்க, சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு). எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் இந்த மின்கலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் காற்று, நடுவில் இந்தப் பீங்கான் படலம். 8 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்தால் படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகிவிடும். டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்வாரே, அந்த மாதிரி ஆக்சிஜன் அயனி காலி இடங்களுக்குத் தாவித் தாவி ஹைட்ரஜன் பக்கம் போய்ச் சேரும். எலக்ட்ரானுக்கு அந்த வழி கிடையாது, வெளியே கம்பியில்தான் சுற்றி வரணும், நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அதுதான். தொல்லை என்னவென்றால் சூடு, 800 டிகிரி வரை வேண்டும். படலத்தை 10 மைக்ரானுக்கு மெல்லிசாக்கினால் குறைக்கலாம். காடோலினியம் கலந்த சீரியா (சீரியம் ஆக்சைடு) 600 டிகிரியிலேயே நன்றாகக் கடத்தும், ஆனால் ஹைட்ரஜன் பக்கம் எலக்ட்ரானையும் கசியவிட்டுவிடும்.