மீன் கம்பெனியில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயமா?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப்பக்கம் நண்டு, இறால் பதப்படுத்தும் கம்பெனி நடத்துகிறார். நிரந்தர ஆட்கள் 14 பேர்தானாம். தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கட்டாயமா, பழகி முடித்ததும் வேலை கொடு என்று வந்து நிற்பார்களா என்கிறார்.

அந்த 14 என்ற கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சட்டம் 1961இல் வந்தது. அதன் விதிகளை 2019இல் திருத்தியபோது 30 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குக் கட்டாயம், 4 முதல் 29 வரை விருப்பம் என்று வைத்தார்கள். இந்தத் தலைக்கணக்கில் ஒப்பந்த ஆட்களும் சேர்த்தி. காண்ட்ராக்டர் வேனில் வந்து நண்டுச் சதை எடுக்கிற பெண்கள் 26 பேர் இருந்தால் உங்கள் கணக்கு 40. அதில் குறைந்தது 2.5 சதவீதம் பேரைப் பழகுநராக எடுக்க வேண்டும், அதாவது ஒரே ஒருவர். அதிகபட்சம் 15 சதவீதம், 6 பேர். ஒருவரை எடுத்தால் தீர்கிற விஷயத்துக்கு வக்கீலைத் தேடி அலைய வேண்டாம்.

வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பழகுநர்களை வேலைக்கு எடுப்பதில் உங்கள் கொள்கை என்ன என்று வகுத்து வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். முன்பு மீறினால் சிறைகூட இருந்தது. 2014 திருத்தம் அதை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்தியது.

நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது வேறு வழியில். பரமக்குடியில் ஐடிஐ முடித்துவிட்டுக் கடற்கரையோரம் ஒரு ஐஸ் பிளாண்டில் சேர்ந்தேன். ‘டிரெய்னிங்’ என்றார்கள். ஒன்றரை வருஷம். கம்ப்ரசரைத் தொட்டது பத்து நாள் இருக்கலாம். மற்ற நாளெல்லாம் ஐஸ் பார் தூக்கி லாரியில் ஏற்றினேன். பணம் கேட்டால், “தம்பி, தொழில் பழகுறப்ப யாராச்சும் சம்பளம் கேப்பாங்களா?” என்பார் சூப்பர்வைசர். கத்தாருக்கு ஆள் எடுத்தபோது அனுபவச் சான்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது இடுப்புவலி மட்டும்தான்.

அந்த முதலாளி என்னை அப்ரண்டிஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் கண்ணில் நான் அப்ரண்டிஸே இல்லை. இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் ஒருவர் பழகுநர், தொழிலாளி அல்ல. அப்போது அவருக்கு பி.எஃப்., ஈஎஸ்ஐ பிடித்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லாமல் “பழகுறான்” என்று வைத்திருக்கும் பையன் சாதாரணத் தொழிலாளிதான். குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து எல்லாமே உங்கள் தலையில் விழும். நம் ஊரில் முதலாளிகள் பணம் மிச்சம் என்று நினைத்துச் செய்கிற இந்த வேலைதான் உண்மையில் பெரிய ஆபத்து. என்னைப் போன்ற பையன்களுக்குச் சட்டம் தெரியாததால் இன்றுவரை தப்பிக்கிறார்கள்.

ஒழுங்காக எடுத்தால் செலவு அதிகமில்லை. 2019 விதிகள் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 என்று வைத்தன. அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் ஊக்குவிப்புத் திட்டம் ஏற்கிறது. முன்பு கம்பெனிக்குத் திருப்பித் தந்தார்கள். 2023 முதல் பையன் வங்கிக் கணக்கிலேயே போடுகிறார்கள். இந்தத் தொகைக்குக் குடும்பம் நடத்த முடியாது என்பது வேறு விஷயம். தங்கச்சிமடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பையனுக்கு முடிந்தால் கூடப் போட்டுக் கொடுங்கள், அதைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆனால் பழகும் தொழிலோடு சம்பந்தமில்லாத வேலை வாங்கினால் ஒவ்வொரு தடவைக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்று 2014 திருத்தம் சட்டத்திலேயே வைத்தது. குளிர்பதன மெக்கானிக்காகப் பதிந்தவரை மீன் கூடை தூக்கவிட்டால் அது இதில் வரும். குளிரூட்டும் அமோனியா வாயு ஓடுகிற இடத்தில் பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் உண்டு. அடிபட்டால் தொழிலாளிக்கு உள்ளதுபோல நட்ட ஈடும் உண்டு.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு வரத்து விழுந்துவிடும். ‘அப்போது அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?’ என்பீர்கள். வேண்டாம். கம்ப்ரசரைப் பிரித்து மாட்டுவது, கண்டன்சர் குழாய் சுத்தம் செய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். பையன் உண்மையில் தொழில் படிக்கிற இரண்டு மாதம் அதுதான்.

ஒரு படகில் ஏறிப் போகிறவர்கள் 30ஐத் தொடுவதில்லை, அங்கே எல்லாம் சம்பளமில்லை, பிடித்த மீனில் பங்குக் கணக்கு. எஞ்சின் ஓட்ட மாமனிடமோ சித்தப்பாவிடமோதான் பழக வேண்டும். கரையில் நாலைந்து பேர் வேலை செய்யும் எஞ்சின் பட்டறைக்காரர் மட்டும் விரும்பினால் இதில் வரலாம்.

சேரப்போகிற பையன்களுக்கு: முதல் நாளே ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். 18 வயதாகவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். “அடுத்த மாசம் ஏத்திக்கலாம்ணே” என்று ஆபீஸில் இழுத்தால், அடுத்த மாசமே வந்து சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.