உக்கலா, சிதிலமா, பாழா?

அன்புள்ள ஐயா,
யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிற அம்மம்மாவின் நாற்சார் வீட்டை, அதுதான் நடுவில் முற்றம் வைத்த பழைய வீட்டை, பார்த்த பொறியியலாளர் அறிக்கையில் 'டிலாப்பிடேட்டட்' என்று எழுதியிருக்கிறார். அதைத் தமிழில் எழுதவேண்டும். அகராதி 'சிதிலமடைந்த' என்கிறது, அம்மா 'உக்கிப்போச்சு எண்டு எழுது, போதும்' என்கிறார். அந்த ஆங்கிலச் சொல் இலத்தீனில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாமே, அப்படியென்றால் மரத்துக்குச் சொல்லக்கூடாதா?
க.

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னது பாதி சரி. கூரையின் வளையும் கைமரமும் நனைந்தால் உக்கும், வண்டு துளைத்தால் உளுத்துப்போகும், தகரமும் துணியும் இத்துப்போகும். சுவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

கல் கதை உண்மைதான். 'லாபிஸ்' என்றால் கல், முன்னால் வருவது சிதறலைச் சொல்லும் ஒட்டு. ஆனால் இலத்தீனில் அந்த வினை, கையிலிருந்த சொத்தைக் கல்லை விட்டெறிவதுபோல வாரி இறைப்பதைச் சொன்னது; பிரெஞ்சில் இன்றும் காசைக் கரைப்பதற்கு அதே சொல்தான். முன்பு இங்கிலாந்தில் பாதிரியார் தான் குடியிருந்த திருச்சபை வீட்டைப் பழுதுபார்க்காமல் விட்டால் அந்தச் சேதத்துக்கு 'டிலாப்பிடேஷன்' என்று பெயர் இருந்தது, அடுத்து வந்தவர் அந்தச் செலவை அவரிடமோ அவர் விட்டுப்போன சொத்திலோ கேட்டு வாங்க முடிந்தது. குத்தகை முடிந்து கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கே இன்றும் இந்தச் சொல்லை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். கல்லா மரமா என்பது இப்போது பொருட்டே இல்லை, வேலிக்கும் காருக்கும்கூடச் சொல்கிறார்கள்.

'சிதிலம்' வடமொழி, கட்டு நெகிழ்ந்து தளர்ந்தது என்று பொருள். பிழையில்லை, ஆனால் அதில் சொத்து அழிந்த கதை இல்லை. 'பாழ்' என்ற சொல்லில் இருக்கிறது. பாழடைஞ்ச வீடு என்கிறோம், தகப்பன்ர காணியைப் பாழாக்கிப்போட்டான் என்றும் சொல்கிறோம். இலத்தீன்காரன் சொன்னதும் ஆங்கிலேயன் சொன்னதும் இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டன.

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள் பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஓடுமில்லை, நிலையுமில்லை, சாமியறைக்குள் வடலி, இளம் பனை. சுவரில் விரல் வைத்தேன், சுண்ணாம்புச் சாந்து மாவாகக் கொட்டியது, உள்ளே முருகைக்கல்லின், அதுதான் பவளப்பாறைக் கல்லின், பூப்போன்ற வரிகள். மற்றக் கற்கள் முற்றமெல்லாம் சிதறிக் கிடந்தன. அதை நாங்கள் பாழாக்கவில்லை தம்பி, அங்கே இருக்க விடாததால் பாழடைந்தது. தமிழ் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல விடுகிறது, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, உங்கள் அறிக்கையில் 'பாழடைந்த' என்றே எழுதுங்கள். வளை உக்கியிருந்தால் அதை மட்டும் தனியாக உக்கல் என்று குறித்து, மாரி தொடங்க முன்னம் மாற்றிவிடுங்கள்.