மனோன்மணீயம்: மைக் வைத்தும் பின்வரிசைக்குப் புரியவில்லையா?

மனோன்மணீயம் நாடகத்தைப் பேசும்போது செய்யுள் அடி முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள், பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து உங்கள் கல்லூரி ஒத்திகையில் மைக் இருந்தும் மூன்றாவது வரிசைக்கு மேல் புரியவில்லை என்றீர்களே, கோளாறு மைக்கில் இருக்காது.

1891இல் வந்த இந்த நாடகம் பெரும்பாலும் அகவல் என்னும் செய்யுள் வகையில் அமைந்தது. மேடையைவிடப் படிக்கத்தான் வாகானது. பிள்ளைகள் அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்துவிடுகிறார்கள். நம் பாலக்காட்டு இழுப்பும் கூடச் சேரும் (அது அழகுதான், விடுங்கள்).

சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனின் பேச்சை, அந்த வேடம் போடும் பையன் முதலில் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். எங்கே மூச்சு வாங்குகிறானோ அங்கே பிரதியில் பென்சில் கோடு. அப்புறம் மூலத்தை அதே மூச்சில் பேசட்டும். ஒருவர் கடைசி வரிசையில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

20 களமும் (காட்சியும்) ஒரே மாலையில் ஓடாது. நடுவில் வரும் கிளைக்கதையான சிவகாமி சரிதத்தை எடுத்துவிடலாம். ஆனால் சுருங்கை (ரகசியச் சுரங்கவழி) வரும் இடங்களில் கை வைத்தால் கடைசிக் களம் யாருக்கும் விளங்காது.