ஓசியா புத்தகம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஐயா, சோரம்போன மனைவியை மறுபடி நேசி என்று தேவன் ஓசியா தீர்க்கதரிசிக்குச் சொல்கிறார். வேதாகமத்தில் அவர் பெயரில் உள்ள புத்தகம் 3:2-ல் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளைக் கொண்டான் என்று இருக்கிறது. சொந்த மனைவிக்கு எதற்கு விலை?

பதில்: காரணத்தை வசனம் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தில் ஓசியாவின் மனைவி கோமேரின் பெயரும் இல்லை. அவள்தான் என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். கடனுக்காகவோ அடிமையாகவோ வேறொருவர் கையில் இருந்திருக்கலாம். மாடு முட்டிக் கொன்ற அடிமைக்கு யாத்திராகமம் 21:32 சொல்லும் ஈடு முப்பது சேக்கல் வெள்ளி (சேக்கல் அந்நாளைய எடை). இங்கே வெள்ளி அதில் சரிபாதி. மீதிக்குத்தான் தானியம் என்பது பலருடைய கணக்கு. காசு பற்றாமல் வீட்டுக் குதிரிலிருந்து தானியம் அளந்துகொடுத்த மாதிரி இருக்கிறது. வாற்கோதுமை ஏழை வீட்டுத் தானியம், அதையும் கவனியுங்கள். கூட்டி வந்த பிறகும் உடனே பழைய வாழ்க்கை இல்லை; ‘அநேகநாள்’ காத்திருக்க வேண்டும் என்கிறது 3:3.

கேள்வி: அண்ணே, 6:1-ல் ‘கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள்’ என்று இஸ்ரவேல் மக்கள் நல்லாத்தானே சொல்கிறார்கள்? 6:4-ல் தேவனுக்கு ஏன் இந்தச் சலிப்பு?

பதில்: 6:1 முதல் 3 வரை மறுபடி வாசியுங்கள். காயம் கட்டுவார், இரண்டு நாளில் உயிர்ப்பிப்பார், மழைபோல வருவார். எல்லாம் அவர் செய்யப்போவது. தாங்கள் செய்தது என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் அவர்கள் பக்தி காலை மேகம், விடியற்காலைப் பனி என்கிறார். வெயில் ஏறினால் இருக்காது. இங்கே ‘பக்தி’ என்று வரும் எபிரெயச் சொல் ‘ஹெசெத்’. இரண்டு வசனம் தள்ளி 6:6-ல் அதே சொல் ‘இரக்கம்’ ஆகிறது. 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனத்திலும் ‘கிருபை’. தமிழில் மூன்று சொல்லாகப் பிரிந்துவிட்டதால், தம்மிடம் என்றும் உள்ளதையே அவர் மக்களிடமும் தேடுகிறார் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: பத்து வருஷமாகச் சபைப் பக்கம் போகவில்லை. எப்படி ஜெபிக்க?

பதில்: 14:2, 3-ஐத் திறந்து வையுங்கள். ‘வார்த்தைகளைக்கொண்டு’ திரும்பச் சொல்கிறார். காளையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. முதலில் அக்கிரமத்தை நீக்கும் என்று கேட்பது. அடுத்து, எதை நம்பினோமோ அதைப் பெயர் சொல்லி விடுவது: அசீரியா, குதிரை, கையால் செய்த தெய்வம். இதெல்லாம் அவர்கள் உண்மையில் நம்பியவை. இஸ்ரவேலின் ராஜா மெனாகேம், அன்றைய வல்லரசான அசீரியாவுக்கு ஆயிரம் தாலந்து (சேக்கலைவிடப் பெரிய எடை) வெள்ளி கட்டினான். பணக்காரரிடம் தலைக்கு ஐம்பது சேக்கல் வசூலித்தான் (2 இராஜாக்கள் 15:19, 20). உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். ‘ஏதாவது பாவம் செய்திருந்தால் மன்னியும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மறுபடி 6-ஆம் அதிகாரத்தில்தான் நிற்பீர்கள்.

கேள்வி: புருஷன் அடிக்கிறார். ஓசியாபோலப் பொறுத்துக்கொள் என்கிறார்கள்.

பதில்: தவறான போதனை, சகோதரி. ஓசியாவுக்குச் சொன்னது அந்தத் தீர்க்கதரிசிக்கு மட்டும் கொடுத்த அடையாளம். குடும்பங்களுக்கு இட்ட சட்டம் அல்ல. அடி வாங்கிக்கொண்டு இருக்கச் சொல்லும் வரி அந்தப் பதினான்கு அதிகாரத்தில் எங்கும் இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: மன்னிக்கிறவர் இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவை ஏன் விழவிட்டார்?

பதில்: கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது, உண்மை. மன்னிப்பு என்றால் விளைவே வராது என்று ஓசியா எங்கும் சொல்லவில்லை. 11-ஆம் அதிகாரத்தில் தேவன் தகப்பனாகப் பேசுகிறார். அடங்காத மகனை ஊர் மூப்பரிடம் கொண்டுபோகலாம், கல்லெறிந்து கொல்லலாம் என்பது உபாகமம் 21-ன் சட்டம். அப்படித் தண்டிக்க வேண்டிய இடத்தில்தான் ‘எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்’ என்கிறார் (11:8); எப்பிராயீம் என்பது இஸ்ரவேலுக்கு இன்னொரு பெயர். அடுத்த வசனத்தில் காரணமும் இருக்கிறது: தாம் மனுஷன் அல்ல, தேவன்.